நாலு மில்லிமீட்டர் குறைந்த அலியோராமஸ்

அலியோராமஸ் ஆணியில் உட்கார மாட்டேன் என்றது.

பொற்கொடி அந்த டைனோசர் பொம்மையைக் கவிழ்த்துப் பார்த்தாள். இரண்டு பாதத்தின் அடியிலும் ஓட்டை இருந்தது. பலகையில் இரண்டு ஆணி இருந்தன. நாலு மாதமாக அந்த ஓட்டைகள் அந்த ஆணிகளில் சிக்கென்று இறங்கி நின்றவைதான். இன்றைக்கு வலது கால் இறங்கினால் இடது கால் ஏறிக்கொண்டது. இடது காலை அழுத்தினால் வலது கால் எகிறியது. பத்து நாள் வெளியே போய் வந்ததற்கு அலுமினியப் பொம்மைக்குக் கால் குறுகுமா என்ன?

வாங்கிப் போனது அங்கப்பன். "பாப்பா ஸ்கூல்ல எக்ஸிபிஷனுங்க அம்மணி. பத்து நாள்ல பத்தரமாக் கொண்டாந்து தந்துபோடறேன்" என்றான். சொன்னபடி பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டும் போனான். அங்கப்பன் கேட்டு இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அலமாரியில் நின்ற ஐந்தில் நாலை ஊற்றியவன் அவன்.

இருவருக்கும் கணபதி வட்டாரத்தில் ஒரே பட்டறையில் வேலை. பம்புக்கு வேண்டிய அலுமினிய உருப்படிகளை வார்க்கிற பட்டறை. உருப்படிக்குள் பொந்து விழ வேண்டிய இடத்தில் வைக்கிற மணல் கட்டிக்குக் கோர் என்று பெயர். பொற்கொடி கோர் அடிக்கிறவள். அச்சுப் பெட்டியில் மணலை இடித்து, கோரை உள்ளே வைத்து மூடி, உலையிலிருந்து உருகியதை மொண்டு ஊற்றுகிறவன் அங்கப்பன். அன்னூர்ப் பக்கம் தோட்டங்காட்டில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பத்தாவதுவரை படித்தவள் அவள் ஒருத்திதான். படித்தும் மணலுக்குத்தான் வந்து சேர்ந்தாள்.

முதல் பொம்மை அவளுக்குக் கிடைத்தது தொண்ணூற்று மூன்றில், வெளிநாட்டுப் பழைய அலுமினிய மூட்டையில். உள்ளங்கை நீளம், கையில் கனத்தது. "ஈயமாட்ட இருக்குது, உலையில உளுந்தா ஹீட்டே கெட்டுப்போகும், வீசுங்க அக்கட்டால" என்று பழைய மேஸ்திரி தூக்கி எறிந்தார். அவள் எடுத்துக் கழுவினாள். வயிற்றில் இங்கிலீஷில் பெயர் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஆல்பர்ட்டோசாரஸ்.

அடுத்த வருசம் அந்த இங்கிலீஷ் டைனோசர் சினிமா வந்துபோனது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரம் முழுக்கப் பச்சை ரப்பரில் டி.ரெக்ஸ். ஊருக்கே அந்த ஒரு பெயர்தான் தெரிந்தது. பொற்கொடிக்கு அதன்மேல் ஆசை வரவில்லை. நூலகத்தில் ஒரு தடிப் புத்தகத்தைப் பிடித்து, ஞாயிறுதோறும் போய் உட்கார்ந்து, அதே சாதியில் யாரும் பேர் சொல்லாத மற்றதுகளை நோட்டில் குறித்துக்கொண்டாள். டார்போசாரஸ், டாஸ்ப்ளெட்டோசாரஸ், கோர்கோசாரஸ். எல்லாவற்றுக்கும் கைக்கு இரண்டே விரல். தலையும் தாடையும் வேறு வேறு.

கடையில் வாங்க வழியில்லை. உக்கடத்தில் பழைய சாமான் கடை வைத்திருந்த அப்துல் வஹீதிடம் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் பொம்மைகள் அவ்வப்போது வரும். "ரெண்டே நாளும்மா. விக்கிற பொருளு" என்று இரவல் தருவார். அதை மணலில் வைத்து அங்கப்பன் இடிப்பான். சோற்று நேரத்தில், ஒரு ஹீட்டுக்கு உருக்கின உலோகத்தின் மிச்சத்தில், ஒன்று ஊற்றுவான். பிளாஸ்டிக் கடைக்குத் திரும்பிப் போகும். அலுமினியம் இவளுக்கு.

"ஓணானுக்குச் சோறு வெச்சாச்சா அம்மணி?" என்பாள் பக்கத்தில் கோர் அடிக்கிற ராசாத்தாள்.

"ஓணான் இல்லீங்க்கா, டார்போசாரஸ்."

"அங்கப்பன் ஊத்தறான், நீ பேரு வெக்கற. நாளைக்குக் காது குத்துக்கு எங்களையெல்லாம் கூப்புடோணும், ஆமா."

அங்கப்பன் சிரிப்பான். அவனுக்கும் பைத்தியம் பிடித்திருந்தது. ஒருநாள் காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பிளாட்பாரக்காரனிடம் சண்டைக்கே போய்விட்டான். "ஏனுங், இதுக்கு மூணு வெரலு வெச்சிருக்கறீங்க? ரெண்டுதானுங்க. தெரியாத யாவாரம் எதுக்குங்க?" பஸ் போனதுகூடத் தெரியாமல் பொற்கொடி சிரித்தாள். நாலு வருசத்தில் அவள் சொன்ன அந்தப் பெயர்களைத் திருப்பிச் சொன்ன மனிதன் அவன் ஒருவன்தான். புருசன் வேலன் நல்லவன். ஆனால் அவன் டாஸ்ப்ளெட்டோசாரஸின் வாலில் ஆட்டோ சாவியை மாட்டுவான்.

அலியோராமஸை யாரும் பொம்மையாகச் செய்திருக்கவில்லை. மங்கோலியாவில் கிடைத்ததே உடைந்த மண்டையும் கொஞ்சம் எலும்பும்தான் என்றது புத்தகம். நீண்ட தாழ்ந்த மூஞ்சி, மூக்கின்மேல் வரிசையாகப் புடைத்த ஆறு எலும்பு முண்டு. அந்த ஆறுதான் அதன் அடையாளம். பொற்கொடி பிளாஸ்டரில் தானே செதுக்கினாள். ஏழு மாதம் ஆனது. ஈரத்தில் பிடித்தபோது வாலடியில் அவளுடைய கட்டைவிரல் ரேகை பதிந்துவிட்டது. அழிக்கவில்லை. அங்கப்பன் மணலில் இடித்து எடுக்கும்போது பிளாஸ்டர் மூன்றாக உடைந்தது. ஆனால் அச்சு கெடவில்லை. ஊற்றினான். ஆக உலகத்திலேயே ஒன்றே ஒன்று.

அதுதான் இப்போது ஆணியில் உட்கார மறுத்தது.

அவள் ஸ்கேலை எடுத்தாள். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை முந்நூறு மில்லிமீட்டர், நோட்டில் எழுதியிருந்தாள். இப்போது இருநூற்றுத் தொண்ணூற்றாறு. இன்னொரு முறை வைத்தாள். அதே தொண்ணூற்றாறு.

வேறு யாராவது அளந்தது தப்பு என்று விட்டிருப்பார்கள். பட்டறையில் பிழைக்கிறவளுக்கு அது முடியாது. உருகின அலுமினியம் ஆறும்போது சுருங்கும், மீட்டருக்குப் பதின்மூன்று மில்லி. முந்நூறுக்கு நாலு. இது அவளுடையதில்லை. அவளுடையதை மணலில் வைத்து இடித்து ஊற்றியது. வாலடியைத் திருப்பினாள். கட்டைவிரல் ரேகையும் கூடவே வந்திருந்தது, கொஞ்சம் மங்கலாக.

திங்கட்கிழமை சோற்று மணிக்கு அங்கப்பனைக் கேட்கலாம் என்றிருந்தாள். அதற்குள் ஆபீஸிலிருந்து ஆள் வந்தது, புதுக் கோரில் சாம்பிள் கொண்டுவரச் சொல்லி.

முதலாளி சுந்தரராஜுலுவின் மேஜைமேல் அவளுடைய அலியோராமஸ் நின்றது.

தேக்குப் பலகைமேல் திருகி நிறுத்தியிருந்தார்கள். பஃபிங் போட்டு முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. மூக்கு வழவழவென்று இருந்தது. ஆறு முண்டில் ஒன்றுகூட இல்லை. வாலடியில் ரேகையும் இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் அங்கப்பன் நின்றான், மேஸ்திரி போடுகிற நீலச் சட்டையில்.

"பாத்தியாம்மா?" என்றார் சுந்தரராஜுலு. "நம்ம அங்கப்பன் கைவேல. எட்டு வருசமா இவன வெறும் மோல்டிங்ல போட்டு வெச்சிருக்கறேன், பாத்துக்க. வெள்ளிக்கிழம ஜெர்மன் பார்ட்டி வரான், அவனுக்குக் குடுக்கறோம். ஒண்ணாந்தேதிலருந்து இவன்தான் மேஸ்திரி."

பொற்கொடி கோரை மேஜையில் வைத்தாள். கையிலிருந்த மணலைச் சேலையில் துடைத்தாள்.

"நல்லா இருக்குதுங் சார்" என்றாள். பிறகு அங்கப்பனைப் பார்த்துக் கேட்டாள். "இதுக்குப் பேரென்னங்ணா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை.

"இதென்னம்மா கேள்வி, டி.ரெக்ஸுன்னு பச்சப்புள்ள சொல்லும்" என்று சிரித்தார் முதலாளி. "இல்லியாடா?"

"ஆமாங் சார்" என்றான் அங்கப்பன். "டி.ரெக்ஸுதானுங்க."

சோற்று மணிக்கு அவனே தேடி வந்தான். கோர் கொட்டகைக்குப் பின்னால், பழைய மணல் குவியலுக்குப் பக்கத்தில் அவள் தூக்குப்போசியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்ணா, பாப்பா ஸ்கூல்ல பிரைஸ் குடுத்தாங்களா?"

"அம்மணி, கோவிச்சுக்காதீங்க. வெள்ளைக்காரனுக்குக் குடுக்க என்னமோ வேணும்னாரு சார். இப்புடி ஒண்ணு இருக்குதுன்னு சொல்லிப்போட்டேன். ஆரு செஞ்சதுன்னாரு. நீங்களே சொல்லுங்க, கோர் அடிக்கற பொம்பள செஞ்சதுன்னா நம்புவாரா?"

"சொல்லிப் பாத்தீங்களா?"

அவன் குவியலைக் காலால் நோண்டினான்.

"உங்களுக்கு ஒண்ணு கொறையக் கூடாதுன்னுதானுங்க, மொதல்ல அதுல அச்செடுத்து ஊத்தி வெச்சேன். ஆணிக்கு ஓட்டகூட நானே போட்டேன். அதேதானுங்க. ஒரு வித்தியாசமும் இல்ல."

"நாலு மில்லிமீட்டருங்ணா."

பட்டறையில் சுருக்கத்தைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? இல்ல, தெரிஞ்சு என்ன பண்ணிப்போடப் போறான்னு நெனச்சீங்களா?"

"எட்டு வருசமா அந்த உலைக்கு முன்னால நிக்கறேனுங்க அம்மணி. ராத்திரில கண்ண மூடுனாலும் எரியுதுங்க."

அது பொய்யில்லை. அவன் இமை முடி கருகி உதிர்ந்தது அவளுக்குத் தெரியும். கேட்டிருந்தால், அந்த முதலாளியிடம் நீங்களே செஞ்சதாகச் சொல்லிக்கொள்ளுங்கள் என்று அவளே கொடுத்திருப்பாள். அவன் கேட்டிருக்கவே இல்லை. பிள்ளையின் பள்ளிக்கூடத்தைச் சொல்லி வாங்கிப் போனான்.

"மூக்குமேல இருந்த முண்டுகளத் தேச்சது ஆரு?"

"அது என்ன கட்டி கட்டியா, வார்ப்புக் குத்தமாட்ட இருக்குதுன்னாரு சார்..."

"தேச்சது ஆருங்ணா?"

"நாந்தானுங்க" என்றான்.

"ஏழு மாசம்" என்றாள் பொற்கொடி. போசியைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். அன்றைக்குச் சோற்றை ராசாத்தாள்தான் தின்றாள். எதற்கு ஓணான் பட்டினி என்று கேட்க வாயெடுத்தவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்வரை அவளுக்கு ஒரே எண்ணம்தான். அந்தத் திருட்டு வார்ப்பை நாளைக்கே உலையில் போட்டுவிட வேண்டும், அவனே மொண்டு ஊற்றட்டும். வீட்டுக்கு வந்து அதைக் கையில் எடுத்தாள். மூக்கில் விரலை ஓட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, ஆறுவரை இருந்தன. வெள்ளிக்கிழமை ஜெர்மனிக்குப் போகிறதில் அது இல்லை. ரேகையும் இல்லை. அவள் செய்தது என்று சொல்ல உலகத்தில் மிச்சம் இருந்தது, அவளை ஏமாற்றுவதற்காக அவன் ஊற்றின இது மட்டும்தான். இதையும் உருக்கிவிட்டால் அலியோராமஸ் என்று ஒன்றே கிடையாது.

ஆணிகளைக் குறட்டால் பிடுங்கினாள். ஒரு மில்லி தள்ளி அடித்தால் ஆணி பழைய ஓட்டைக்கே சரிந்துவிடும். பலகையைக் கவிழ்த்தாள். பாதங்களை வைத்துக் குறித்துக்கொண்டு மறுபக்கம் அடித்தாள்.

"இந்நேரத்துக்கு என்ன ஆணி அடிக்கறே?" என்றான் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த வேலன்.

"பொம்ம ஆடுதுங்க."

இப்போது இரண்டு காலும் இறங்கின. கட்டிலுக்கு அடியில் பேப்பரில் சுற்றின நானோடிரானஸ் இருந்தது, பாதி செதுக்கின பிளாஸ்டர், அடுத்து அங்கப்பன் ஊற்றுவதாக இருந்த சின்னது. அதை இன்னும் உள்ளே தள்ளிவிட்டாள்.

ஒண்ணாந்தேதி அங்கப்பன் நீலச் சட்டையோடு கோர் கொட்டகைக்குக் கணக்கெடுக்க வந்தான். எல்லோரையும் எண்ணிவிட்டு அவளிடம் வந்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"அம்மணி, அந்தச் சின்னது முடிஞ்சுதுங்களா? இப்ப நாமதான மேஸ்திரி. எந்த ஹீட்டுல வேணும்னாலும் ஊத்திப்போடலாம்."

அவள் கோர்ப் பெட்டியைத் தட்டித் திறந்தாள். மணல் முனை உடையாமல் வந்திருந்தது.

"ஊத்தறதுக்கு ஒண்ணுமில்லீங் மேஸ்திரி" என்றாள்.