உதவிக்கு அழைக்கவும்

ரத்தினம் மூன்றாவது முறை வழிதவறிப்போன வாரத்தில்தான் சசிரேகா துணியில் எழுத்து ஒட்டும் அந்த டிரான்ஸ்ஃபர் பேப்பரை ஆர்டர் செய்தாள். ரத்தினம் அவளுடைய மாமனார். ஒரகடத்தில் லாரிக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் கேட்டில் பதினாறு வருடம் செக்யூரிட்டியாக நின்றவர். வேலையை விட்ட இரண்டாம் வருடமே மறதி ஆரம்பித்துவிட்டது. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், வீட்டு நம்பர் எப்போதும் அவர் உடம்பில் இருக்கட்டும் என்றார்.

அது லேசில் நடக்கவில்லை. கழுத்தில் கார்டு மாட்டிவிட்டார்கள். ரத்தினம் கழற்றி டிவி மேல் வைத்துவிட்டார்.

“நாந்தான் கார்டை ஒப்படைச்சிட்டேனேம்மா. மறுபடி மாட்டிக்கினு போனா ஆபீஸ்ல கேக்க மாட்டாங்களா?”

சட்டைப் பையில் எழுதி வைத்த சீட்டு துவைக்கும்போது கூழாகிப் போனது. நம்பர் பொறித்த காப்பு ஒன்றை அவர் மகன், சசிரேகாவின் கணவன் திருமலை வாங்கி வந்தான். அதைப் பார்த்ததும், “நான் இன்னா ஆடா மாடா?” என்று கேட்டுவிட்டு அன்று முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை.

சசிரேகா வேலை செய்யும் கம்பெனி லைனில் ஒருத்தி, மகனின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே டி-ஷர்ட்டில் படம் ஒட்டியதைப் போனில் காட்டினாள். பேப்பரில் பிரிண்ட் எடுத்து, துணி மேல் வைத்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் போதும் என்றாள். சசிரேகா பத்துத் தாள் வரவழைத்தாள். வெள்ளைப் பருத்தித் துணிக்கு மட்டும் என்று அட்டையில் போட்டிருந்தது. வெள்ளை டி-ஷர்ட் நான்கு வாங்கிக்கொண்டாள்.

ஸ்ரீபெரும்புதூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் புருஷோத்தமன் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “இதை ஜெராக்ஸ் மிஷின்ல வுட்டா சூட்டுல உருகி உள்ளயே ஒட்டிக்கும். போட்டோ பிரிண்டர்ல எடுத்துத் தரேன். இன்னா எழுதணும்?”

“பேரு. கீழ ரெண்டு போன் நம்பர்.”

“நடுவுல, ‘காணாமல் போனால்’னு போட்டுடவா?”

அந்த வார்த்தை அவளுக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “உதவிக்கு அழைக்கவும்னு போடுங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சமையல் மேடையைத் துடைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தாள். முதல் சட்டையில் எழுத்தெல்லாம் இடம் வலமாக மாறி விழுந்தது. தாளில் திருப்பி அச்சடித்திருந்தால்தான் துணியில் நேராக வரும் என்பது அப்போதுதான் புரிந்தது. “கண்ணாடியில பாத்தா சரியா கீது” என்று திருமலை சிரித்தான். அவள் அவனையே மறுபடி கடைக்கு அனுப்பினாள். இரண்டாவதை அவசரப்பட்டுச் சூட்டோடு உரித்தாள். பாதி எழுத்து தாளோடு வந்துவிட்டது. மூன்றாவதற்குப் பெட்டியைத் தேய்க்காமல் இடம் இடமாக வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி, ஓரங்களை இன்னொரு முறை அழுத்தி, நன்றாக ஆறவிட்டு ஒரு மூலையிலிருந்து மெல்ல உரித்தாள். முதுகில் ‘ரத்தினம், உதவிக்கு அழைக்கவும்’ என்று கறுப்பு எழுத்து, கீழே இரண்டு நம்பரோடு பளிச்சென்று நின்றது.

ரத்தினம் மறுக்காமல் போட்டுக்கொண்டார். “பின்னாடி இன்னா எழுதிக்கீது?”

“உங்க பேரு மாமா.”

முழுப் பொய் இல்லை. ஆனாலும் அவர் சந்தோஷமாகத் தலையாட்டியபோது அவளுக்கு மனசு உறுத்தியது.

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை. சசிரேகா ஏழரை மணி பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டாள். திருமலை கம்பெனி பஸ் டிரைவர். காலை டிரிப் முடிந்து வீடு வர ஒன்பதரை ஆகும். நடுவில் எதிர்வீட்டு தாயாரம்மாள்தான் ஒரு கண் வைத்துக்கொள்வாள். அன்றைக்குத் தண்ணீர் லாரி வந்ததால் அவள் குடத்தோடு போய்விட்டாள். திருமலை வந்தபோது கதவு திறந்து கிடந்தது. அவன் தெருத்தெருவாகத் தேட ஆரம்பித்தான்.

சசிரேகாவின் போன் லாக்கரில் இருந்தது. டீ பிரேக்கில் எடுத்துப் பார்த்தால் திருமலையிடமிருந்து ஐந்து, தெரியாத நம்பரிலிருந்து இரண்டு. தெரியாத நம்பரைத்தான் முதலில் கூப்பிட்டாள்.

“யக்கா, எம்பேரு செல்லக்கனி. தென்காசிப் பக்கம். இங்க ரத்தினம்னு ஒரு பெரியவர் நிக்காவ. அவுக சட்டையில உங்க நம்பர் போட்டிருக்கு. இன்னொரு நம்பர் பிசியாவே இருக்கு.”

“எங்க நிக்கறாரு? அடி கிடி பட்டுச்சா?”

“ஒரகடத்துல எங்க கம்பெனி கேட்டுல நிக்காவ. நல்லாத்தான் இருக்காவ. அவுகதான் என்னைய இங்க கூட்டிட்டு வந்து விட்டாவ.”

சூப்பர்வைசர் கேட் பாஸ் எழுதிக் கொடுத்தார். திருமலைக்குத் தகவல் சொல்லிவிட்டு ஆட்டோவில் போகும்போதுதான் மீதிக் கதையை அந்தப் பெண் போனில் சொன்னாள். புதிதாக வேலைக்குச் சேர அன்று காலைதான் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறாள். ஷேர் ஆட்டோக்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று தெரியாமல் பையோடு நின்றவள் கண்ணில், எப்படியோ அங்கே வந்து சேர்ந்து முன்னால் நின்ற பெரியவரின் முதுகு பட்டிருக்கிறது. ‘உதவிக்கு’ என்று எழுதியிருந்ததால், உதவி செய்ய நிறுத்தி வைத்த ஆள் என்று நினைத்துக்கொண்டாள். வேலையில் சேரச் சொல்லி வந்த கடிதத்தைக் காட்டினாள். ரத்தினம் அதைத் தூரப் பிடித்துப் படித்தார்.

“இது எங்க கம்பெனிக்கு அடுத்த காம்பவுண்டு. பெரிய கேட்டுக்குப் போனீன்னா திருப்பி வுட்டுடுவான். புதுசா சேர்றவங்களுக்குப் பின்பக்கம் கேட்டு. வா, காட்டறேன்.”

சொன்னபடியே ஆட்டோ பிடித்து, சரியான கேட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே இருந்த காவலாளியிடம், “ஜாயினிங் கேஸ், உள்ள அனுப்பு” என்றார். ஒன்பது மணிக்கு இரண்டு நிமிஷம் இருந்தது.

பத்து மணிக்கு ஆதார் நகல் எடுக்க வெளியே வந்த செல்லக்கனி, அவர் வெயிலில் நின்று உள்ளே வந்த லாரியிடம் பாஸ் கேட்பதைப் பார்த்தாள். லாரிக்காரனும் பாஸைக் காட்டிவிட்டுப் போனான். வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டாள். டூட்டி முடியவில்லை என்றார். வீடு எங்கே என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வெகுநேரம் ரோட்டையே பார்த்தார். அப்போதுதான் அவள் அந்த முதுகை இரண்டாம் முறை படித்தாள்.

சசிரேகா போய்ச் சேர்ந்தபோது கேட் காவலாளி அவரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். பக்கத்தில் செல்லக்கனி தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். சசிரேகாவைக் கண்டதும் ரத்தினம் எழுந்து நின்றார்.

“யாரைப் பாக்கணும் மேடம்?”

அவள் வெளியாள்போலத் தள்ளி நின்றாள். “ரத்தினம் சாரை” என்றாள்.

“நாந்தான். இன்னா விஷயம்?”

“அடுத்த ஷிப்டு ரிலீவர் வந்துட்டாரு. உங்களை வூட்டுக்கு இட்டுக்கினு போக வந்தேன்.”

காவலாளி எழுந்து அவருக்கு ஒரு சல்யூட் வைத்தார். ரத்தினம் பதில் சல்யூட் வைத்துவிட்டு அவளோடு நடந்தார். சசிரேகா செல்லக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னாள்.

ஆட்டோவில் பாதி வழியில் அவருக்குத் தெளிந்துவிட்டது. “சசி, நீ வேலைக்குப் போலியா?” என்றார். வீட்டுக்கு வந்ததும் டி-ஷர்ட்டைக் கழற்றிப் பின்பக்கத்தை மடியில் விரித்தார். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

“யாருக்கு உதவி?”

அவள் பொய் சொல்லவில்லை. “உங்களுக்குத்தான் மாமா. உங்களுக்கு வழி மறந்துபோது. யாராவது பாத்து எங்களைக் கூப்பிடணும்ல?”

அவர் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். திருமலை வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இனி முதல் டிரிப் வேண்டாம், மத்தியான ஷிப்டு பஸ்ஸுக்கு மாற்றிக் கேட்கிறேன் என்று அவளிடம் சொன்னான்.

கொஞ்ச நேரம் கழித்து ரத்தினம் உள்ளே போய், தன் கட்டம் போட்ட சட்டைகள் மூன்றைக் கொண்டுவந்து சசிரேகாவின் முன்னால் வைத்தார்.

“இதுலயும் போட்டுடும்மா.”

“இதுல ஒட்டாது மாமா. வெள்ளைக் காட்டன்தான் வேணும்.”

“அப்ப வெள்ளையாவே வாங்கு. நம்பரை மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசா போடு. எல்லாரும் கிட்ட வந்து படிக்க மாட்டாங்க.”