தலையணை உறையில் மருதோண்டி

டணார்!

குசினிக்குள் அடுப்படியிலிருந்து வந்த சத்தத்தில் ஜுனைதா ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டாள். மருதோண்டிக் கோப்பைதான் என்று பார்க்காமலே தெரிந்துவிட்டது.

ஓடிப்போனாள். எனாமல் கோப்பை குப்புறக் கிடந்தது. விடியற்காலையில் முதுகு நோக அம்மியில் அரைத்த பச்சை விழுது சீமெந்துத் தரையெங்கும் சிதறி, மணலோடும் கோழித் தூவலோடும் குழைந்து கிடந்தது. பக்கத்தில் அவளுடைய மகன் ஜவாத், நாலு வயது நிரம்பாதவன், விரலை வாயில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான். அவனுக்குப் பின்னால் அவனுடைய அக்காள், ஏழு வயது றபீக்கா, சுவரோடு ஒட்டி நின்றாள்.

"ஒன்ட கைய முறிச்சு அடுப்புல வெப்பன்!"

சின்னவனின் முதுகில் ஒரு அடி விழுந்தது. வீடு அதிர அழுதான்.

"நான் இல்ல உம்மா! நான் இல்ல!"

"பின்ன ஆரு? ஜின் வந்து தட்டின?"

றபீக்கா விளக்குமாற்றை எடுத்துவந்து சத்தமில்லாமல் தரையைக் கூட்டத் தொடங்கினாள். இப்படி ஒரு பிள்ளை இருப்பதால்தான் நான் இன்னும் விசர் பிடிக்காமல் இருக்கிறேன் என்று ஜுனைதா நினைத்துக்கொண்டாள்.

நோன்பு வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. வெளியே வறண்ட கச்சான் காற்று தென்னை ஓலைகளைப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தது. பின்னேரம் கொழும்பு பஸ் கல்முனையை விட்டுப் புறப்பட்டுவிடும். அதில் அனுப்பவேண்டிய சாமானுக்காக அரைத்தது இப்போது தரையில் கிடக்கிறது.

அவளுடைய புருஷன் மசூர் சவூதிக்குப் போய் நாலு வருஷம். போகும்போது ஜவாத் வயிற்றில் இருந்தான். ரெண்டே வருஷம் என்று சொல்லிப் போனவன், அது முடிந்ததும் ஊர்ப்பக்கம் திரும்பாமலே இன்னொரு ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வைத்தான். அதுவும் இந்த நோன்புப் பெருநாளோடு முடிகிறது.

அவளுடைய சாச்சி மகன், தம்பி முறையான றஸாக்குக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. மசூரோடு ஒரே அறையில் இருப்பவன். லீவில் வந்து இன்று திரும்பிப் போகிறான். நேற்று நோன்பு திறந்த கையோடு வந்து சொன்னான்:

"ராத்தா, பெருநாள் முடிய மச்சானுக்கு முன்னால கடதாசிய நீட்டுவானுகள். கையெழுத்து வெச்சாரெண்டா இன்னும் ரெண்டு வருஷம். சொல்லக் கிடக்கிறத என்னட்ட சொல்லி அனுப்புங்க."

சொல்லவா? சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் தேய்ந்துவிட்டது. "கட்டுற வீட்டை முடிக்கவேண்டாமா?" என்று அவன் ஒரு வரியில் பதில் எழுதுவான். ஆகவே ஜுனைதா இனிச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தாள். மருதமுனை நெசவுத் துணியில் ரெண்டு வெள்ளைத் தலையணை உறை தைத்தாள். அதில் பிள்ளைகள் ரெண்டு பேரும் மருதோண்டிக் கையைப் பதித்துக் கொடுக்கவேண்டும். சிவந்த கைகள். பெருநாளுக்கென்று அவனுடைய பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்த சாமான். அந்தக் கைகள்மேல் கன்னத்தை வைத்து அவன் ஒரு இரவு படுக்கட்டும். அதற்குப் பிறகும் கையெழுத்து வைக்க மனம் வந்தால் வைத்துத் தொலைக்கட்டும்.

நல்ல யோசனைதான். பிள்ளைகள்தான் சரியில்லை.

கோப்பையைக் கழுவிக்கொண்டு பக்கத்து வளவுக்குப் போனாள். அந்தத் தெருவிலேயே மருதோண்டி மரம் இருப்பது சரீபா மாமியின் வேலியோரத்தில் மட்டும்தான்.

"மாமி, இன்னும் ஒரு பிடி இலை தாங்களேன்."

"தலையணை உறையில பூசவெண்டு விடியக்கொள்ளதானகா ஒரு சுளகு ஆஞ்சிட்டுப் போனாய்? என்னகா, தலையணைக்குக் கலியாணமா?"

"கொட்டிட்டானுகள் மாமி. அவருக்கு அனுப்புற சாமான்."

"மசூருக்கா? ஏன், தாடி நரைச்சிட்டா அவனுக்கு?" மாமி சிரித்துவிட்டு, உடனே முகத்தை இறுக்கிக்கொண்டாள். "பெருநாளைக்கு என்ட மருமகளுட கைக்கு என்னத்தகா பூசுற? கம்ப அரைச்சா?"

ஜுனைதாவுக்குக் கோபம் தொண்டை வரை வந்தது. நோன்போடு சண்டை பிடிக்கக்கூடாது என்று விழுங்கிக்கொண்டாள். மாமி முனகிக்கொண்டே இலையை உருவி அவளுடைய மடியில் போட்டாள்.

"இதோட சரி. மரத்துல இனிக் குச்சிதான் மிச்சம்."

மறுபடி அம்மி. தேசிக்காய்ப் புளியும் தேயிலைச் சாயமும் விட்டு, கையில் ஒட்டும் பதத்துக்கு அரைத்தாள். கை வலித்தது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. உறைக்குள் கடதாசி மட்டையை நுழைத்துப் பலகையில் விரித்துவிட்டு ஜவாத்தை இழுத்து உட்காரவைத்தாள்.

"கைய விரி."

அவன் கையை இறுக்கிப் பொத்திக்கொண்டான்.

"விரிடா மனே, வாப்பாக்கு அனுப்பவேணும்."

"எந்த வாப்பா? போட்டோவுல இருக்கிற வாப்பாவா?"

"ஓம், அவருதான். விரி."

"அவருக்குக் கை இல்லையா?"

ஜுனைதா பல்லைக் கடித்தாள். விரல் விரலாகப் பிரித்து, விழுதைப் பூசி, துணியில் வைத்து அழுத்தினாள். "மூக்கு கடிக்குது உம்மா" என்று அவன் நெளிந்தான். அவனுடைய மூக்கை அவளே சொறிந்துவிட்டாள். கையை எடுத்தபோது ஐந்து விரலும் பூப்போலப் பதிந்திருந்தன.

"பார்த்தியா! இனி மகள் வாங்க."

றபீக்கா வந்தாள். கையெழுத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவள். கையை அழகாக விரித்து வைத்தாள். எடுக்கும்போது ஒரு இழுப்பு இழுத்தாள். அவளுடைய கை இருந்த இடத்திலிருந்து தம்பியின் கைக்கு மேலால் பச்சைக் கோடு ஒன்று நீளமாக ஓடியது.

"வழுக்கிட்டு உம்மா."

ஜுனைதா உறையைச் சுருட்டி மூலையில் எறிந்தாள்.

"நோம்பு மாசத்துல ஷைத்தான்கள விலங்குல கட்டி வெச்சிருக்காம். இந்த வீட்டுல மட்டும் ரெண்டு அவுந்து திரியுது!"

மிச்சம் இருந்தது ஒரே ஒரு உறை. கோப்பையின் அடியில் கொஞ்ச விழுது. இந்த முறை அவள் யாரையும் நம்பவில்லை. ரெண்டு பேருடைய மணிக்கட்டையும் தானே பிடித்து, வைத்து, அழுத்தி, தானே தூக்கி எடுத்தாள். பெரிய கை ஒன்று, சின்னக் கை ஒன்று. பிசகில்லாமல் வந்துவிட்டது. சந்தோஷப்படவும் தெம்பில்லை.

"இனி இது காயவேணும். காஞ்சு உதிர்ந்தாத்தான் சிவப்பு ஏறும். அதுக்கு முதல் தண்ணி பட்டா எல்லாம் போயிரும். கிட்ட போன கையைப் பொறகு காணமாட்டீங்க, விளங்கினதா?"

"ஓம் உம்மா" என்றாள் றபீக்கா. ஜவாத் பாயில் சாய்ந்து கொட்டாவி விட்டான்.

முற்றத்தில் வெயிலில் பாயைப் போட்டு, உறையை விரித்து, காற்றுக்கு நாலு மூலையிலும் கல் வைத்தாள். பிறகு கை கால் கழுவி ஒளு எடுத்து, நடுப்பகல் லுஹர் தொழுதாள். தொழுகையிலும் மனம் முற்றத்திலேயே நின்றது. துஆவில் ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது: இந்த முறையாவது அவர் கையெழுத்து வைக்கக்கூடாது.

எழும்பி முற்றத்துக்கு வந்தாள். பாய் கிடந்தது. கல் நாலும் கிடந்தன. உறை இல்லை.

"ஜவாத்!"

உள்ளே பாய்ந்தாள். அவன் காய்ந்த மருதோண்டிக் கையைக் கன்னத்தில் வைத்தபடி நல்ல தூக்கத்தில் கிடந்தான். அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது.

அப்போதுதான் கிணற்றடியில் வாளி மோதும் சத்தம் கேட்டது.

றபீக்கா சட்டையெல்லாம் நனைந்து குந்தியிருந்தாள். சவர்க்கார நுரையில் உறையைப் போட்டு, ரெண்டு கையாலும் கசக்கிக்கொண்டிருந்தாள். வாளித் தண்ணீர் பச்சையாகக் கலங்கியிருந்தது. ஜுனைதா உறையைப் பறித்து உதறினாள். கை இல்லை, விரல் இல்லை. குழந்தை சோறு துப்பியதுபோல மங்கலான மஞ்சள் கறை மட்டும் அங்குமிங்கும் இருந்தது.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

"ராத்தா! பஸ்ஸுக்கு நேரமாகுது. சாமான் எங்க?"

றஸாக் வீட்டைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தான். ஜுனைதாவின் கையில் சொட்டிக்கொண்டிருந்த துணியையும் நனைந்து நிற்கும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதுதான் சாமான். கொண்டுபோய்க் குடு ஒங்கட மச்சானுக்கு!" ஜுனைதாவின் குரல் உடைந்தது. "என்ட மகள் செஞ்ச வேலையெண்டு சொல்லிக் குடு!"

"விடுங்க ராத்தா. சின்னப் புள்ள, தெரியாம செஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுதான் செஞ்சன் மாமா" என்றாள் றபீக்கா. அழவில்லை. "கோப்பையத் தட்டினதும் நான்தான். தம்பி இல்ல."

ஜுனைதா அவளுடைய ரெண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"ஏன் புள்ள? வாப்பா வாறது ஒனக்கு விருப்பமில்லையா? சொல்லு, ஏன் செஞ்சாய்?"

றபீக்கா நுரைக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"முதல் ஒருக்கா நம்மட சத்தத்தை கசெட்டுல புடிச்சு அனுப்பினதானே உம்மா, அதக் கேட்டுட்டுத்தானே வாப்பா 'இது போதும், இனி எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்க ஏலும்' எண்டு சொன்னாரு, இப்ப கையும் போனா, அவரு என்னத்துக்கு வரப்போறாரு?"