குளியலறைக் கதவில் ஒரு நாய்

கதவு பச்சை என்றுதான் என் நினைவு. இளையதம்பியைக் கேட்டால் நீலம் என்கிறான். ஆண்டு அறுபத்திரண்டா, மூன்றா என்பதும் எனக்கு உறுதியில்லை. பேசாமலே இருந்து பழகியவனுக்கு நினைவைச் சரிபார்க்க ஆட்கள் குறைவு. அது டொக்டர் கதிர்காமநாதனின் குளியலறைக் கதவு என்பதில் மட்டும் எங்கள் இருவருக்கும் சண்டையில்லை.

கிளிநொச்சிப் பக்கத்தில் எங்களுடையது ஒரு சின்ன மிருக வைத்தியசாலை. டொக்டர், மருந்து கலக்கும் நான், மாடு பிடிக்கும் இளையதம்பி. வருவதெல்லாம் மாடும் எருமையும்தான். ஒருநாள் நீர்ப்பாசன எஞ்சினியரின் மனைவி கமலாசனி ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு வந்தா. நீள உடம்பு, குட்டைக் கால்கள். பின்னங்கால்கள் செத்ததுபோல் தொங்கின.

"கதிரையிலை இருந்து குதிச்சவன், டொக்டர். மாசக் கடைசியிலை அவர் குளக்கட்டு வேலைக் காம்பிலை இருந்து வருவார். அதுக்குள்ளை ஜிம்மி எழும்பாட்டில் சுட்டுப்போடுவாராம்." பிறகு மெதுவாகச் சொன்னா: "அந்த வீட்டிலை நான் கதைக்கிறது இவனோடை மட்டும்தான்."

எனக்கு அது நன்றாக விளங்கியது.

டொக்டர் லண்டனில் முதுகெலும்பு அறுவையைப் பார்த்திருக்கிறார், செய்ததில்லை. "மூண்டு நாள் தாங்கோ. முதல்லை நாங்கள் பழகவேணும்" என்றார்.

சந்தையில் இறைச்சிக்கடை வைத்திருந்த மஹ்றூப் ஆட்டு முதுகெலும்புகளை அனுப்பினார். பல் வைத்தியரிடம் இரவல் வாங்கிய குறட்டால் டொக்டர் அவற்றைக் கொறித்துக் கொறித்துத் திறந்தார்.

"இறைச்சியில்லாத எலும்பைத் தேடி வாங்குற டொக்டருக்குச் சுகமில்லையோ எண்டு மஹ்றூப் நானா கேக்கிறார்" என்றான் இளையதம்பி.

முதுகு வளையாமல் நாயைத் தூக்கப் பலகை வேண்டியிருந்தது. குளியலறைக் கதவைக் கழற்றினோம். ஒத்திகைக்கு டொக்டரே அதில் படுத்தார்.

"நீங்களோ நாய்?" என்றான் இளையதம்பி.

"நான் எண்டால் எங்கை வளையுது எண்டு சொல்லுவன். நாய் சொல்லாது. தூக்கு."

சீலைப் பட்டிகளால் கட்டி, முற்றத்தைச் சுற்றித் தூக்கி வந்து இறக்கினோம். கட்டை அவிழ்த்ததும் இளையதம்பி டொக்டரின் பின்பக்கத்தில் ஓங்கி ஒரு அடி போட்டு, "எழும்படா!" என்றான்.

குறிசுடக் கயிறு போட்டு விழுத்திய மாட்டை அவிழ்த்துவிட்டால் அப்படி ஒரு அடி போடுவதுதான் வழக்கம். அவன் கை அவனைக் கேட்பதில்லை.

டொக்டர் எழும்பித் தூசு தட்டினார். "இதை மட்டும் நாய்க்குச் செய்யாதை."

"சத்தியமாய் இல்லை, ஐயா."

அறுவை நடந்தது. மயக்கத்துக்கு நான் ஈதர் பிடித்தேன். டொக்டர் எலும்பைத் திறந்து, நரம்பை அமத்திக்கொண்டிருந்த வெள்ளைக் கட்டியை வழித்தெடுத்தார். அதன்பின் காத்திருந்தோம். ஒவ்வொரு காலையும் டொக்டர் நாயின் பின்கால் விரலை நுள்ளுவார். அது நோவு தெரியாமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். கமலாசனி பக்கத்தில் இருப்பா. நானும் அவவும் ஒன்றும் பேசுவதில்லை; அது எங்களுக்குச் சுகமாகவே இருந்தது.

மாதக் கடைசியில் எஞ்சினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். சுடுவதற்குத் துவக்கு பின்சீற்றில் கிடந்தது.

"எழும்பினதோ?"

டொக்டர் எங்களை உள்ளே அனுப்பினார். கமலாசனி முகத்தைத் திருப்பிக்கொண்டா. நாயைக் கதவோடு வெளியே கொண்டுவந்து இறக்கினோம். இளையதம்பி பட்டிகளை அவிழ்த்தான். கடைசிப் பட்டி கழன்றதும் அவன் கை தானாக உயர்ந்தது.

"எழும்படா!"

பளாரென்று விழுந்தது அடி. ஜிம்மி திரும்பி அவன் கையைக் கவ்வியது. கவ்விய வேகத்தில் பின்னங்கால் நகங்கள் கதவில் கிறீச்சென்று கீறின.

"ஐயோ, கடிக்குது ஐயா!"

"கையை எடுக்காதை!" டொக்டர் முழந்தாளிட்டுக் கத்தினார். "காலைப் பார்! இன்னொருக்கா அடி!"

இளையதம்பி மற்றக் கையால் அடித்தான். கால் மறுபடி உதைத்தது. எஞ்சினியர் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். பிறகு துவக்கைச் சாக்கால் மூடிவிட்டு, நாய்க்குப் பின்சீற்றில் இடம் ஒதுக்கினார்.

ஜிம்மி ஒரு பக்கம் சாய்ந்து நடந்து இன்னும் நாலு வருடம் இருந்தது. எஞ்சினியரும் கமலாசனியும் மாற்றலாகி மட்டக்களப்புக்குப் போனார்கள். டொக்டர் அதன்பின் மூன்று நாய்களுக்கு அறுவை செய்தார், இரண்டு நடந்தன. இளையதம்பி ஓய்வுபெற்று அக்கராயனில் வயல் செய்கிறான். நான் வவுனியாவில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கதவை அப்போதே குளியலறை நிலையில் திரும்பப் பொருத்திவிட்டோம்.