முகம் காட்டாத தகடு

கர்ப்பம் உறுதியான அன்றே, குழந்தை பிறக்கும்வரை அமில அறைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளுக்குக் கையொடிந்தாற்போல் ஆயிற்று. சூரிய மின்கலத்துக்கான சிலிக்கான் தகட்டில் நுண்ணிய தூண்களை எழுப்புவதுதான் அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சி. அமிலம் இல்லாமல் தூண் ஏது?

வேலையின் முதல் பாதியில் ஆபத்தில்லை. கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டால், அவை தாமாகவே நெருங்கி ஒரே அடுக்காக வரிசைகட்டி நிற்கும். அந்த அடுக்கைத் தகட்டில் ஏந்தி, மேலே தங்கம் படியவைத்து, மணிகளை நீக்கி, அமிலத்தில் இறக்க வேண்டும். தங்கம் தொட்ட இடமெல்லாம் அரித்துப்போய், மணி இருந்த இடங்களில் மட்டும் தூண்கள் மிஞ்சும். அவற்றுக்குள் புகுந்த வெயில் லேசில் வெளியே வராது.

மறுநாள் அவள் மேசைக்கு முன்னால் முசுடு வந்து நின்றான். அடுத்த மேசைக்காரன்; அவன் சிடுசிடுப்புக்காக அவள் வைத்த பெயர் அது. ஆய்வகத்தில் இருந்த ஒரே உலையை யார் முதலில் பிடிப்பது என்ற சண்டையில் அவளோடு ஒரு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாதவன்.

"தகட்டைக் குடு. நான் அமிலத்துல போட்டு எடுக்கறேன்."

"உனக்கு எதுக்குச் சிரமம்?"

"சிரமந்தான். குடு."

ஏழு மாதம் அப்படியே ஓடியது. பிறகு அவள் பிரசவ விடுப்பில் போனாள். மணிகளை மிதக்கவிடும் வேலையும் அவன் தலையில் விழுந்தது. குழந்தைக்கு இருபது நாள் ஆனபோது வீடியோ அழைப்பு வந்தது.

"உன் மணிங்க எனக்கு அடங்க மாட்டேங்குது. பதினோரு தடவை பாத்துட்டேன். திட்டுத்திட்டா பிரிஞ்சு போகுது."

மடியில் குழந்தையோடு அவள் உற்றுப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் சுவரில் நாள்காட்டித் தாள் படபடத்துக்கொண்டிருந்தது.

"ஏசி காத்து நேரா தண்ணி மேல அடிக்குது பாரு. எதையாவது போட்டு மூடு."

சாப்பாட்டு அறையிலிருந்து ஒரு பெரிய கண்ணாடி மூடியைக் கொண்டுவந்து கவிழ்த்தான்.

நான்கு நாள் கழித்து மறுபடி அழைத்தான். கையில் கன்னங்கரேலென்று ஒரு தகடு. "கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சே, இப்ப என் மூஞ்சியே தெரியல."

"அது தெரியாம இருக்கறதே நல்லது." அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.

அந்தத் தகட்டில் செய்த மின்கலம், பழையதைவிடக் கூடுதலாக மின்சாரம் தந்தது.

விடுப்பு முடிந்து வந்தவள் மேசையில் சோதனைக் குறிப்பேடு இருந்தது. அவன் கையெழுத்து. தேறிய ஒவ்வொரு தகட்டுக்கும் எதிரே அவள் பெயர். கெட்டுப்போனவற்றுக்கு எதிரே 'என் கவனக்குறைவு' என்று எழுதியிருந்தான். அவற்றில் பாதிக்கு அவன் காரணமே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். படிக்கப் படிக்க எழுத்து மங்கியது.

"நோட்டுல அழாத. மை கலைஞ்சிடும்," என்றான் முசுடு, நிமிர்ந்து பார்க்காமலே.

"உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"தெரியலன்னா விடு. குழந்தை போட்டோ இருந்தா காட்டு."

நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் நாள் படத்திலிருந்து ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினாள்.