விலாவில் இரண்டு விரல்

1956 மார்ச்சில், பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றின் அந்த அறையில் இருந்தவர்கள்: பர்கூர்ப் பக்கத்துப் பெரிய வீட்டுக் கிருஷ்ணப்பன், அவர் மனைவி வெங்கடம்மாள், மகன் முனிவேல், மருமகள் ராஜாத்தி, டாக்டர், ஒரு நர்ஸ். வேறு யாரும் இல்லை.

மூன்று வருடமாக ராஜாத்தி மேல் அம்மன் வந்துகொண்டிருந்தது. களி கிண்டக் குனிந்தால் வரும். முகம் வெளுக்கும், வேர்வை கொட்டும், நெஞ்சு உரலிடி இடிக்கும். ஊரே காலில் விழுந்து வாக்குக் கேட்டது. திருவிழாவில் முதல் வாக்குச் சொல்லும் உரிமை அதுவரை பங்காளி பெருமாள் வீட்டில் இருந்தது; அம்மன் வந்ததால் அது கிருஷ்ணப்பன் வீட்டுக்கு வந்தது. இப்போது அவளுக்குப் பார்வை மங்கியதால்தான் பெங்களூர்.

டாக்டர் அவள் இடது விலாவுக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்து அழுத்தினார். முகம் வெளுத்தது. ரத்தக் கொதிப்புக் கருவியில் பாதரசம் இருநூற்று அறுபதுக்கு ஏறியது.

வெங்கடம்மாள் கை கூப்பினாள். "தாயே, என்ன குத்தம் பண்ணோம்?"

"இது நான் அமுக்கினதால வந்ததும்மா," என்றார் டாக்டர். "சிறுநீரகத்து மேல அட்ரினல்னு சின்னச் சுரப்பி. அதுல கட்டி. குனிஞ்சா நசுங்குது, ரத்தக் கொதிப்பு ஏறுது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன் பண்ணிடலாம். ஆபத்துதான். விட்டா அதைவிட ஆபத்து."

"தலை வெடிக்குதுன்னு அன்னிக்கே சொன்னேன் மாமா," என்றாள் ராஜாத்தி, மூச்சு அடங்கியதும். "அத்தை வேலைக்குக் கள்ளம்னாங்க. அப்புறம் சாமின்னாங்க."

கிருஷ்ணப்பன் டாக்டரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் காகிதத்தை நீட்டினாள். முனிவேல் பேனாவைத் தொடவில்லை. அப்பன் இருக்க மகன் கையெழுத்துப் போடும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"திருவிழா முடியட்டும். பதினோரு நாள்தானே," என்றார் கிருஷ்ணப்பன்.

"அதுவரைக்கும் நான் பொறுப்பில்ல."

"எங்க வீட்டுப் பொறுப்ப நான் பாத்துக்கறேன்."

அதிலிருந்து பத்தாம் நாள் கரகம் வாசலுக்கு வந்தது. ராஜாத்தி கும்பிடக் குனிந்தாள். நிமிரவில்லை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கிருஷ்ணப்பன் அவள் இடது விலாவைப் பார்த்தபடி நின்றார்.

அம்மன் அவளைத் தன்னிடம் அழைத்துக்கொண்டதாக ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அது சரியல்ல. அவளுக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் தேதி கொடுத்திருந்தார். அதைத் தள்ளிவைத்தவர் கிருஷ்ணப்பன்.