வதனி கடைந்த பேனைகள்

மண்டூரில் கதவும் நிலையும் செய்கிற கிருபைராசாவின் பட்டறைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் கதவைப் பார்ப்பதில்லை. அவன் மனைவி வதனி வேம்பு, முதிரை மரத் துண்டுகளை வரிவரியாக ஒட்டிக் கடைந்த பேனைகளைத்தான் கேட்டார்கள். அவனுக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, தானும் ஒரு பேனை செய்ய மின்வாளைப் போட்டான். சின்னத் துண்டை விரலால் பிடித்தே அறுத்தான். வாள் அதைப் பறித்து அவன் கன்னத்தில் எறிந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த வதனி வாளை நிறுத்தி, துண்டைப் பிடித்துக்கொள்ளும் ஒரு கட்டையை எடுத்துக் காட்டினாள்.

"விரலால பிடிக்காதீங்க. நான் இந்தக் கட்டையில இறுக்கிப் பூட்டித்தான் அறுக்கிறனான். கண்ணுக்குக் கண்ணாடியும் போடுங்க."

அவள் சொல்லித் தந்தது கன்னத்தைவிட எரிந்தது. ஆனாலும் அப்படியே செய்தான். பேனை பிசகில்லாமல் வந்தது.

அடுத்த நாள் சித்தாண்டியிலிருந்து வந்த ஒரு டீச்சர் அதையே எடுத்துப் பார்த்தார்.

"நல்ல வடிவு. வதனிட கையெண்டா கைதான்."

"இது அவர் செஞ்சது, டீச்சர்," என்றாள் வதனி.

"அப்ப அவரையும் நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க."

அன்று மத்தியானம் கிருபைராசா வதனியைக் கூப்பிடாமல் தானே சோறு போட்டுத் தின்றான்.