ஃபியூஸுக்கு ஒரு மத்தாப்புக் கம்பி

நாரணாபுரம் பக்கம் வெடிச்சத்தம் கேட்டபோது உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கதவு அதிர்ந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வெளியே ஓடினேன். வெள்ளைப் புகை. என் வீட்டுக்காரர் மணிமுத்து வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியும் அந்தத் திசையில்தான் இருக்கிறது. அவருக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. எப்படி எடுப்பார்? உள்ளே போகும்போதே கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

காலையில் பைக் கிளம்பாததால் அவர் கம்பெனி வேனில் போயிருந்தார். அந்தச் சனியன் பிடித்த வண்டிதான் வாசலில் நின்றது. கொழுந்தன் தனுஷ்கோடியைக் கத்திக் கூப்பிட்டேன். செல்ஃபை அமுக்கினான், சத்தமே இல்லை. மூச்சு வாங்க வாங்க உதைத்தான்.

"மிதிச்சுக்கிட்டே இருந்தா ஆச்சா? ஹாரன் அடிக்குதா பாருலே!"

அடிக்கவில்லை. இண்டிகேட்டரும் எரியவில்லை.

"கரண்டே வரல மதினி. ஃபியூஸாத்தான் இருக்கும்," என்று பக்க மூடியைக் கழற்றியவன் திகைத்துவிட்டான். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் கம்பி மத்தாப்புக்கான கம்பி ஒன்றை வளைத்துச் செருகியிருந்தது. கருத்துத் துருவேறி, தொட்டதும் ஆடியது.

"உங்கண்ணன் செஞ்ச வேலையப் பாத்தியா! ஊருக்கெல்லாம் பட்டாசு செய்யிறது பத்தாதுன்னு வண்டிக்குள்ளயும் மத்தாப்பு கொளுத்தப் பாத்திருக்காக."

கம்பியைப் பிடுங்கி வாசலில் எறிந்தேன். வாய்தான் திட்டியது, கண் புகையை விட்டு நகரவில்லை.

ஃபியூஸ் பெட்டி மூடியிலேயே புதிது ஒன்று இருந்தது. போட்டான். ஹாரன் ஒரு தடவை கத்தியது. ஹாண்டிலைத் திருப்பியதும் நின்றுபோனது. புது ஃபியூஸும் எரிந்துவிட்டது.

"எங்கயோ வயரு பாடியில தட்டுது மதினி."

"அப்ப தேடுலே, எம்மூஞ்சிய என்ன பாக்க!"

நானே கையை விட்டுத் தடவினேன். ஹாண்டிலுக்கு அடியில், தினமும் நான் சாப்பாட்டுப் பையை மாட்டிவிடும் இடத்தில், பை உரசி உரசி வயரின் தோல் போயிருந்தது. அட்டைப்பெட்டி ஒட்டும் டேப்பை எடுத்து வந்து சுற்றினேன். ஃபியூஸுக்கு எங்கே போவது? கடைக்கு ஓட நேரமில்லை. குனிந்து, எறிந்த கம்பியையே மண்ணில் தேடி எடுத்தேன். அரிவாள்மனையில் துருவைச் சுரண்டிக் கொடுத்தேன், தனுஷ்கோடி செருகினான். இருக்கன்குடி மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே செல்ஃபை அமுக்கினேன். பிடித்துக்கொண்டது. தனுஷ்கோடி ஓட்ட, நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

பாதி வழியில் ஆட்கள் கூட்டமாக நடந்து வந்தார்கள். நடுவில், கையெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடியோடு அவர். வண்டியிலிருந்து குதித்து ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

"ஏங்க, ஃபியூஸுக்கு மத்தாப்புக் கம்பியவா வப்பாக?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதேன்.

"நம்ம கம்பெனி இல்ல பிள்ள. பக்கத்துக் கம்பெனி," என்றார்.

"அம்மா தாயே, என்னியக் காப்பாத்திட்ட!" சத்தமாகவே சொன்னேன். போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். "எந்தக் கம்பெனிய்யா? யாராச்சும் சொல்லுங்கய்யா!"

அவர் கம்பெனியின் பெயரைச் சொன்னார். அவள் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். "எம்மக அங்கனதான வேல பாக்கா..."

நான் சற்று முன் சொன்னதை அவள் கேட்டிருப்பாள் என்று நினைத்ததும் எனக்கு உடம்பு கூசியது. அண்ணனைக் கண்ட நிம்மதியில் தனுஷ்கோடி வண்டியை அணைக்கச் சாவியில் கை வைத்தான்.

"ஏலே, வண்டிய அமத்திராத!" என்று கத்தினேன். அவளைத் தூக்கி நிறுத்தினேன். "அக்கா, ஏறுங்க."